நான்காம் மேசைக்குப் போ

“இடது கையை எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. வலது கை எனக்குச் சோறு போடுகிற கை” என்று சொல்லிவிட்டு அறுவை மேசையில் ஏறிப் படுத்தார் மாஸ்டர். முப்பது வருடங்களுக்கு மேல் பரோட்டாக் கல்லின் முன்னால் நின்றவர். சர்க்கரை நோய் சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவிலியர் முதல் காவலாளி வரை மருத்துவமனையில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. கழுத்தில் போட்டிருந்த குழாயில் இரண்டு முறை கிருமி பிடித்து, குளிர்க் காய்ச்சலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இனியும் கழுத்துக் குழாயை நம்ப முடியாது, கையில் ஃபிஸ்டுலா வைத்தே ஆக வேண்டும் என்ற நிலை. வேறோர் இடத்தில் மணிக்கட்டில் வைத்தது ஒரே வாரத்தில் அடைத்துப் போயிருந்தது. ஆகவே முழங்கையில் வைக்கலாம் என்று முடிவு செய்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த அறுவையைச் செய்துவிடுவேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

டயாலிசிஸ் பார்த்த வீடுகளுக்கு ஃபிஸ்டுலா என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனியின் பக்கவாட்டில் ஒரு துளையிட்டு, ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோக அருகில் ஓடும் சிரையை அதில் தைத்துவிட்டால், தமனியின் வேகம் சிரைக்குள் பாய்ந்து அது நாளடைவில் கயிறு போலத் தடித்துவிடும். பிறகு பருமனான ஊசிகள் இரண்டை வாரம் மூன்று முறை குத்தினாலும் தாங்கும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பணியாற்றிய பிரெஷியா, சிமினோ, ஆப்பெல் முதலிய மருத்துவர்கள் 1966-இல் வெளியிட்ட யோசனை. சிமினோ மாணவராக இருந்தபோது நோயாளிகளிடம் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர். சிரையோடு பழகிய விரல்களுக்குத்தான் இப்படியொரு எண்ணம் தோன்றும் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

முழங்கை மடிப்புக்குக் கீழே மரத்துப்போகும் ஊசி போட்டு, மூன்று சென்டிமீட்டர் கீறினேன். சிரை நன்றாக இருந்தது. தமனியைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. கொழுப்பை விலக்கியதும் கண்ணெதிரே துடித்துக்கொண்டு கிடந்தது. அவ்வளவு சுலபமாகக் கிடைத்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மேல்கையின் பெரிய தமனியான பிரேக்கியல் தமனி முழங்கையில் அப்படி மேலே வந்து கிடக்காது. மேல்கையின் இருதலைத் தசையுடைய நாணிலிருந்து உள்பக்கமாக விரியும் வெண்ணிறத் தகடு ஒன்று அதன் மேல் போர்வையாகக் கிடக்கும். ஐரோப்பாவில் எந்த நோய்க்கும் முழங்கைச் சிரையைக் கீறி ரத்தம் வடித்த காலத்தில், கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் தமனியில் படாமல் காப்பாற்றியது அந்தத் தகடுதான். அதனால் அதற்குக் ‘கடவுள் புண்ணியம்’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் ஒன்றே உண்டு. மாஸ்டரின் கையில் தமனி அந்தத் தகட்டுக்கு மேலே கிடந்தது. என் கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை. குழாய் சற்று மெலிதாகவும் இருந்தது. சர்க்கரை நோயாளிதானே, சுருங்கியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, முடியளவு நூலால் தைத்து முடித்தேன். கிளாம்பை எடுத்ததும் சிரை எழும்பியது. விரலை வைத்துப் பார்த்தேன். மடியில் படுத்த பூனையின் உறுமலைப் போல அதிர வேண்டிய இடத்தில், ஈ பறக்கிற மாதிரி ஏதோ இருந்தது. நாள் ஆக ஆகச் சரியாகிவிடும் என்று எழுதி அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து வந்தார். எங்கள் தொழிலில் ஆறின் விதி என்று ஒன்று சொல்வோம்: ஆறு வாரத்தில் சிரை 6 மில்லிமீட்டர் அகலமாகியிருக்க வேண்டும், தோலுக்கு அடியில் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆழத்தில் இருக்கக் கூடாது, நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர் ரத்தம் ஓட வேண்டும். மாஸ்டரின் சிரை 4-ஐத் தாண்டவில்லை. ஓட்டம் 600-இல் பாதிகூட இல்லை. “சிரை தடிக்கப் பந்தை அமுக்கச் சொன்னீர்கள். தூக்கத்தில்கூட அமுக்கினேன் அம்மா” என்றார். தன் மீதுதான் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

கருவுற்ற பெண்களின் வரிசை முடியும்வரை காத்திருந்து, ஸ்கேன் அறையில் அவரைப் படுக்க வைத்தேன். முதல் அறுவைக்கு முன்னால் கையை ஸ்கேன் செய்து பார்க்காததற்கு இந்த வரிசையைத்தான் காரணம் சொல்லி வந்தேன். நாடி விரலுக்கு நன்றாகத் தட்டுப்பட்டது, பிறகு எதற்கு ஸ்கேன் என்ற அலட்சியம்தான் உண்மைக் காரணம். தைத்த இடத்தில் குறுக்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. தமனியை மேல்நோக்கித் தொடர்ந்தேன். மேல்கையின் நடுவில் கருவியைக் குறுக்காக வைத்தால், துடிக்கும் கறுப்பு வட்டம் ஒன்றும் அதன் இருபுறமும் துணைச் சிரைகள் இரண்டும் தெரிவது வழக்கம். கொஞ்சம் அழுத்தினால் சிரைகள் மூடிக்கொள்ளும், தமனி மூடாது. அழுத்தினேன். சிரைகள் மறைந்தன. வட்டங்கள் இரண்டு மிச்சமிருந்தன. இரண்டும் துடித்தன. ஒன்று தோலுக்கு அருகே, சிறியது. இன்னொன்று ஆழத்தில், நரம்பை ஒட்டி, ஏறக்குறைய இரு மடங்கு பெரியது. கையை எடுத்து ஜெல்லைத் துடைத்து மறுபடியும் வைத்தேன். அப்போதும் இரண்டு. கருவியை மேலே மேலே நகர்த்திக்கொண்டு போனதில், அக்குளை எட்டும் இடத்தில்தான் இரண்டும் ஒன்றாகக் கூடின.

நான் பிரேக்கியல் தமனியைத் தொடவே இல்லை. முழங்கைக்குக் கீழே பிரிந்து கட்டைவிரல் பக்கம் போக வேண்டிய ரேடியல் தமனி, மாஸ்டரின் கையில் அக்குளிலேயே பிரிந்து, தோலை ஒட்டித் தனி வழியில் இறங்கி வந்திருக்கிறது. அதைப் போய் நான் தைத்திருக்கிறேன். பெரிய தமனி அரை அங்குலம் கீழே தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நனைந்த துணி

இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்பது அந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. 1998, மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு. அறுத்துப் படிக்க எங்கள் மேசையில் கிடந்த உடல் ஒரு வயதானவருடையது. முன்கையில் பச்சை குத்தியிருந்த ஒரு பெண்ணின் பெயர் ஃபார்மலினிலும் அழியாமல் இருந்தது. மேசைக்குப் பத்துப் பேர். மேல்கை என் பங்கும் என் தோழியின் பங்கும். படத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். மேசையில் மூன்றுமே ஊறிய புளியின் நிறம். விரலால் உருட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: நரம்பு கட்டியாக உருளும், தமனி தடித்த ரப்பர் குழாய் போல விட்டுக்கொடுத்து மறுபடி நிமிரும், சிரை தட்டையாகச் சரிந்துவிடும். கொழுப்பை இடுக்கியால் இழை இழையாக எடுத்துக்கொண்டே போனதில், ஒரு ரப்பர் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வந்தன. எதையோ கிழித்துத் தொலைத்துவிட்டோம் என்று பயந்துபோய் இரண்டையும் பின்தொடர்ந்து அக்குள்வரை போனோம். அங்கே உண்டிவில் கவட்டை போலச் சுத்தமான ஒரு பிளவு.

ஆசிரியரைக் கூப்பிட்டோம். கெட்டிக்காரர், மாணவர்கள் மேல் அக்கறை உள்ளவர்; இன்றைக்கும் எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. குனிந்து பார்த்தார். “அடடே” என்றார். சில நொடிகள் அவர் முகம் மலர்ந்துகூடப் போனது. பிறகு ஆசிரியராகிவிட்டார். “இது தேர்வுக்கு உதவாது. நான்காம் மேசைக்குப் போய்ப் பாருங்கள், அங்கே நன்றாக இருக்கிறது.” நாங்கள் கையின் மேல் நனைந்த துணியைப் போட்டு மூடிவிட்டு நான்காம் மேசைக்குப் போனோம். அன்றிரவு விடுதியில் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தேன். மேல்கையில் ஒரே தண்டு. முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, ரேடியஸ் எலும்பின் கழுத்து மட்டத்தில் இரண்டு கிளைகள். கட்டைவிரல் பக்கம் ரேடியல், சுண்டுவிரல் பக்கம் அல்னார். சிவப்புப் பென்சிலைச் சீவிச் சீவி நிரப்பினேன். படத்துக்கு மதிப்பெண்ணும் கையெழுத்தும் கிடைத்தன. ஆனால் என் கையால் நான் பிரித்தெடுத்த தமனி அந்த நோட்டில் எங்குமே இல்லை. செய்முறைத் தேர்வில் குண்டூசி குத்திக் கொடி வைத்திருந்த கைகள் எல்லாமும் ‘நன்றாக இருந்த’ கைகள்தான்.

கண்டதை மறந்துபோனது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மறக்கச் சொல்லித்தானே கற்றுக்கொண்டோம். என்னை அரித்துக்கொண்டிருப்பது அந்த ‘நன்றாக இருக்கிறது’ என்ற சொல். அந்தப் பெரியவர் அந்தக் கையோடு எழுபது வருடம் போல வாழ்ந்து, ஒரு பெண்ணின் பெயரைப் பச்சை குத்திக்கொண்டு, எத்தனையோ மூட்டை சுமந்திருப்பார். அவர் கைக்கு அந்தத் தமனி எந்தக் குறையும் வைத்திருக்காது. அது கெட்டுப்போன மாதிரியானது எங்கள் மேசைக்கு வந்த பிறகுதான்.

ஐந்தில் ஒரு கை

அப்படியென்றால் இது எவ்வளவு அபூர்வம்? மாஸ்டரின் ஸ்கேன் முடிந்த அன்றே தேட ஆரம்பித்தேன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் குவெய்ன் 1844-இல் தமனிகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். 1040 உடல்களைப் பிரித்துப் பார்த்து எழுதியது. படங்கள் ஜோசப் மக்லீஸ் என்ற அறுவை மருத்துவர் வரைந்தவை. தமனி எங்கே ஓட வேண்டும் என்று விதிப்பதோடு குவெய்ன் நிற்கவில்லை. எத்தனை கைகளில் எங்கே ஓடியது என்று எண்ணினார். பிரேக்கியல் தமனி பிரியும் இடத்தை அவர் பதிவு செய்த 481 கைகளில் 386-இல்தான் அது வழக்கமான இடத்தில் பிரிந்தது. நூறு வருடம் தாண்டி, 1953-இல் அமெரிக்காவில் மெக்கார்மாக், கால்டுவெல், ஆன்சன் ஆகிய மூவர் 750 கைகளைப் பார்த்தார்கள். 18.5 சதவீதத்தில் பெரிய மாறுபாடு. வெவ்வேறு ஊர், வெவ்வேறு நூற்றாண்டு. கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நிற்கிறது. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் பஸ்ஸில் நூறு கைகள் இருந்தால், பதினெட்டு இருபது கைகள் ரெக்கார்டு நோட்டுக்கு ஒத்துவராது. அவற்றில் அதிகம் காணப்படுவது மாஸ்டருடைய வகைதான், ரேடியல் தமனி மேலேயே கிளம்பிவிடுவது. அபூர்வம் என்று எங்கள் காதில் ஓதிய விஷயம் தெருவுக்குத் தெரு நடமாடிக்கொண்டிருக்கிறது.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கருவில் கை ஒரு மொட்டாக இருக்கும்போது இந்தக் குழாய்கள் எதுவும் தனித்தனியாக இல்லை. நடுவில் ஒரு அச்சுத் தமனி, சுற்றிலும் வலைபோல நுண்குழாய்கள். மொட்டு வளர வளர, எதில் ரத்தம் ஓடுகிறதோ அது வாய்க்காலாக நிலைக்கிறது, ஓடாதது தூர்ந்துபோகிறது. முன்கையின் நடுவில், நடு நரம்போடு ஓடும் ஒரு தமனி சில நாள் பெரிய வழியாகவே இருந்துவிட்டு, எட்டாம் வார வாக்கில் ஒடுங்கிப் போகும். சிலருக்குப் போகாது. மணிக்கட்டு நரம்பு இறுக்கத்துக்குத் திறக்கும்போது அது எட்டிப் பார்ப்பதை எலும்பு மருத்துவர்கள் அறிவார்கள். தூராமல் போன வாய்க்கால் ஒன்று மாஸ்டருக்கும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெரும்பாலான நாட்களில் இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. கத்தியோ ஊசியோ வருகிற நாளில்தான் வம்பு. ஃபிஸ்டுலா ஒரு உதாரணம். எங்கள் தவறு சிறிய தவறு, திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாத ஒன்றை ஒரு மயக்க மருந்து மருத்துவத் தோழி சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிலருக்கு அல்னார் தமனி முன்கைத் தசைகளுக்கு அடியில் போகாமல், மேலாகத் தோலை ஒட்டி ஓடும். முழங்கை மடிப்பில் பார்த்தால் நல்ல சிரை மாதிரியே இருக்கும். கையில் ரப்பர் பட்டையை இறுகக் கட்டிவிட்டால் அதன் துடிப்பும் நின்றுவிடும்; பிறகு அது சிரையா தமனியா என்று விரலுக்குத் தெரியாது. அதில் ஊசியை ஏற்றி, அந்தக் காலத்தில் மயக்கம் கொடுக்கத் தயோபென்டோன் செலுத்தினால், மருந்து கையைவிட்டு மேலே போகாது, விரல்களை நோக்கி இறங்கும். காரத்தன்மை மிகுந்த மருந்து; நுண்குழாய்களில் படிகமாகி அடைக்கும். நோயாளி நெருப்புப் பட்டது போல அலறுவார், விரல்கள் வெளுக்கும், சிலருக்கு அழுகி எடுக்கவே வேண்டியிருக்கும். தயோபென்டோன் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. தமனிக்குள் போகக் கூடாத மருந்துகள் குறையவில்லை. பட்டை கட்டுவதற்கு முன்னால் மடிப்பில் ஒரு விரலை வைத்துத் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் செவிலியரை நான் கண்டால், மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவேன். ஐந்து நொடி வேலை.

மணிக்கட்டு வழியாக இதயத்துக்கு வயர் அனுப்பும் ஆஞ்சியோகிராம் இன்று ஊரறிந்த விஷயம். மான்ட்ரியாலில் லூசியான் காம்போ 1989-இல் முதல் நூறு பேருக்குச் செய்து எழுதியது. “கையில் வயர் ஏறவில்லை என்று தொடையில் போட்டார்கள்” என்று சிலர் வீட்டில் வந்து சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்களில் சிலருக்கு மாஸ்டரின் தமனி இருந்திருக்கும்; மேலேயே பிரிந்த ரேடியல் தமனி குறுகலாக இருப்பதால் வயரைக் கண்டதும் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். வாய்ப் புற்றுநோய்க்கு நாக்கையோ கன்னத்தையோ எடுத்துவிட்டு, முன்கையின் தோலை ரேடியல் தமனியோடு எடுத்து வந்து அங்கே ஒட்டுவார்கள். சீனாவின் யாங் குவோஃபானும் அவருடைய குழுவும் 1981-இல் எழுதிய முறை இது. ரேடியலை எடுத்துவிட்டால் கைக்கு மிச்சம் அல்னார் மட்டும்தான். அதுவும் தோலை ஒட்டி ஓடும் வகையாக இருந்து, கத்திக்கு முதலில் அதுவே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே வேண்டாம்.

கத்தி இல்லாமலும் ஏமாறலாம். நாடி பிடிக்கிற ஊர் நம்முடையது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் சொல்லும் மரபு. சிலருக்கு ரேடியல் தமனி மணிக்கட்டை எட்டும் முன்பே பின்புறமாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். விரல் வைக்கும் இடத்தில் ஒன்றும் இருக்காது. பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒருநாள் இரவு, நாடியே கிடைக்கவில்லை என்று ஓடிப்போய் மூத்தவரை எழுப்பினேன். வந்து பார்த்தால் நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி கேட்டுக்கொண்டிருக்கிறார். மூத்தவர் நோயாளியின் கட்டைவிரலுக்குப் பின்னாலிருந்த குழியில் என் விரலை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மாஸ்டரின் இரண்டாம் அறுவை

ஆசிரியர் தரப்பையும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் முதன்முதலாக ஒரு கையைத் திறக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஒரு வரைபடம் வேண்டும். ஐந்து வரைபடத்தைக் காட்டினால் ஒன்றும் நிற்காது. பெரும்பாலான கைகள் எப்படி இருக்கும் என்று கற்பிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் மேசையை மூடச் சொன்னதில்தான் இருக்கிறது. நான்காம் மேசையில் இருந்த பத்துப் பேரையும் எங்கள் மேசைக்கு வரச் சொல்லியிருக்கலாம். அரை மணி நேரம் போயிருக்கும். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருந்தால், தகட்டுக்கு மேலே தமனி துடித்தபோது என் கை நின்றிருக்கும். இப்போது கற்றுக்கொள்ள வரும் பயிற்சி மருத்துவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எங்கே பிரிகிறது என்பது இல்லை. இந்தக் கையில் எங்கே பிரிகிறது, பார்த்தாயா என்பதுதான். ஸ்கேனை முழங்கையில் வைத்து அளந்துவிட்டு எழுந்துவிடக் கூடாது, அக்குள்வரை போய்த் திரும்ப வேண்டும் என்று நச்சரிக்கிறேன். சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

மாஸ்டரிடம் உண்மையைச் சொல்வதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். உங்கள் பந்து அமுக்கலில் தவறில்லை, நான்தான் சின்னத் தமனியில் தைத்துவிட்டேன், மறுபடியும் திறக்க வேண்டும் என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “குறையா அம்மா அது?” என்றுதான் கேட்டார். ஸ்கேன் அறிக்கையில் ‘பிறழ்வு’ என்று இருந்ததை யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். குறையில்லை, சிலருக்கு உச்சியில் இரட்டைச் சுழி இருப்பதில்லையா, அது மாதிரி என்றேன். திரையைப் பார்த்துக்கொண்டே அவர் தோலின் மேல் மை பேனாவால் இரண்டு கோடுகள் போட்டேன், அக்குளிலிருந்து முழங்கைவரை. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் அறுவையில், முழங்கைக்குச் சற்று மேலே உள்பக்கமாகக் கீறி, வெள்ளைக் கயிறாகக் கிடந்த நடு நரம்பை மெதுவாக ஒதுக்கினேன். பெரிய தமனி அடியில் இருந்தது, என் சுண்டுவிரலின் பாதிப் பருமன். பழைய இணைப்பைப் பிரித்து, அந்த ஓட்டையை மூடி, சிரையை மேலே கொண்டுவந்து தைத்தேன். கிளாம்பை எடுத்ததும் பச்சைத் துணிக்கு மேலே வைத்த விரலுக்கே அதிர்வு தெரிந்தது. டயாலிசிஸ் நோட்டின் முதல் பக்கத்தில் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: இடது மேல்கையில் இரண்டு தமனிகள், ஒன்று தோலை ஒட்டி ஓடுகிறது; டயாலிசிஸ் ஊசி தவிர இந்தக் கையில் வேறு ஊசி போடாதீர்கள். வலது கையையும் பார்த்தேன். அங்கே ஒன்றுதான்.

ஏழெட்டு வாரம் கழித்து, ஃபிஸ்டுலாவில் ஊசி ஏற ஆரம்பித்த பிறகு, மாஸ்டர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்லூரியில் படிக்கும் பையன்; சங்கடத்தோடு நின்றான். “இவனுக்கும் பாருங்கள் அம்மா, எனக்கு இருக்கிற மாதிரி இவனுக்கும் இருக்கும்” என்றார். ஸ்கேன் வரிசை முடிந்திருந்தது. பையன் சட்டைக் கையை மடித்துவிட்டான். இடது கை, வலது கை, அக்குள்வரை போய்த் திரும்பினேன். இரண்டிலும் ஒற்றை வட்டம்.

“ஒன்றுதான் இருக்கிறது மாஸ்டர்.”

“நன்றாகப் பாருங்கள் அம்மா” என்றார்.